கேக்குக்குள் தோசை

என் தங்கை பியட்றிஸ் வென்றவை இவை. எட்டு வயதில் நெருப்புக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் கிடந்த பிள்ளை பிழைக்கவில்லை, இவள் எழும்பியிருந்து கருவாட்டுக் குழம்பு கேட்டாள். இருபத்தாறு வயதில் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போன படகு. இயந்திரம் நின்று ஒரு நாள் முழுக்கக் கடலில் மிதந்தது. ஐம்பது வயதில் அடையாள அட்டை. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவள் பிறந்தாள் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்ட கந்தோருக்குப் பதினாறு தடவை நடந்து வாங்கினாள். அதற்கடுத்த ஆண்டு மாதா கோவில் வளவில் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, நடந்த கேக் போட்டியில் முதலிடம். பரிசாகக் கிடைத்த அலுமினியச் சட்டியில் இன்று அரிசி களைகிறாள். அண்மையில் வலது கண்ணின் வெண்புரை. இதையெல்லாம் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். அவளிடம் காட்டினால், "எனக்கு என்னத்துக்கு அண்ணன், மண்புழு ஓடின மாதிரித்தானே தெரியும்" என்பாள்.

எழுத்தை அவள் வெல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எழுத்து ஓரிடத்தில் நிற்காது. "ஓடுது டீச்சர்" என்று சொல்லி அடி வாங்குவாள். கரும்பலகையில் 'க' இருந்தால் இவளுடைய சிலேற்றில் 'த' வந்து நிற்கும். இரண்டாம் வகுப்பு முடியமுன் அம்மா அவளை நிறுத்தித் தன்னோடு குசினிக்குள் வைத்துக்கொண்டார். நான் எட்டாம் வகுப்பு வரை போய்த் தச்சு வேலைக்கு வந்தவன். எங்கள் வீட்டுப் படிப்பு அவ்வளவுதான்.

முட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்காமல் அவள் உடைப்பதில்லை. உள்ளே குலுங்கினால் அது கூடாத முட்டை. வெண்ணெயும் சீனியும் அடிக்கும்போது நேரம் பார்ப்பதில்லை. "அருள் நிறைந்த மரியே" ஐம்பது சொல்லி முடியும்போது கையை எடுப்பாள். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவாளே தவிரச் செபம் நிற்காது. கோபம் உள்ள நாளில் செபம் வேகமாகப் போய்விடும், கேக் கல்லுப்போல வரும். ரோசாப் பன்னீர் வாங்கக் காத்தான்குடியில் ஒரே ஒரு கடைக்குத்தான் போவாள். பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது. கண்டக்டர் கூப்பிடும் குரலைக் கேட்டு ஏறுவாள். குரல் கட்டிய கண்டக்டர் வந்த அன்று ஏறாவூரில் போய் இறங்கினாள். அன்றைக்கும் வெறுங்கையோடு வரவில்லை, நல்ல கறுவா வாங்கி வந்தாள்.

கேக்கை அவள் வீட்டில் சுடுவதில்லை. சந்தியில் பேக்கரி நடத்தும் மீராசாஹிப் நானா போறணை அடுப்பிலிருந்து பாண் ரொட்டியை இறக்கியபின், மிச்சமிருக்கும் சூட்டில் தன் தட்டுகளை வைப்பாள். அவர் மணிக்கூட்டைக் காட்டினால், "மூக்கு இருக்கக்குள்ள மணிக்கூடு என்னத்துக்கு நானா" என்பாள். மீராசாஹிப்புக்கும் எங்கள் பகுதித் தபால்காரர் ரிஸ்கானுக்கும் ரம் தொடாத கேக் வேறு தட்டில் வேகும். அந்தத் தட்டின் காதில் பச்சை நூல் கட்டியிருப்பாள். எழுத்தில்லாதவளின் பெயர்ச்சீட்டு அது.

புதுச்சேரியில் இருபத்தொரு வருடம் இருந்தாள். படகில் கூடப் போன கணவன் அகதி முகாமில் செங்கமாரி என்ற மஞ்சட்காமாலையில் இறந்தான். முகாமுக்கு வந்துபோன ஒரு சிஸ்டர் இவளுடைய சமையலைச் சாப்பிட்டுப் பார்த்து, அனுமதி எழுதி வாங்கி, புதுச்சேரியில் ஒரு 'சொல்தா' வீட்டுக்கு அனுப்பிவைத்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் பெற்றவர்களை அந்த ஊரில் அப்படிச் சொல்வார்களாம். போர்த்துக்கீசர் வழிவந்த எங்கள் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் சமைக்கும் அறையைக் குசினி என்போம். அங்கேயும் குசினிதான். "அந்த ஒரு சொல்லக் கேட்டாப் பிறகுதான் கையில இருந்த பேக்கக் கீழ வெச்சன்" என்று சொல்வாள்.

அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயர். முன்னொரு காலத்தில் அங்கே ரோசி என்று ஒரு சமையற்காரி இருந்தாள். அவளுக்குப் பின் வந்த எல்லோரும் ரோசிதான். "பெரிய மதாம் படுக்கையில கிடந்தவ. அவட வாயில வாற பேரு அது ஒண்டுதான். மாத்தச் சொல்லேலுமா, பாவம்." பெரிய மதாம் இறந்தபின்னும் பெயர் மாறவில்லை. பதினெட்டாவது வருடம் ஒரு நாள், சந்தையில் யாரோ "பியட்றிஸ்" என்று வேறொருத்தியைக் கூப்பிட, இவள் திரும்பிப் பார்க்காமலே நடந்திருக்கிறாள். பத்து அடி போனபின்தான் அது தன் பெயர் என்று நினைவு வந்ததாம்.

பெரிய மதாமின் மருமகள் புத்தகங்கள் எழுதியவர். வீட்டில் அவரைத்தான் மதாம் என்பார்கள். முதற் புத்தகம் பிரெஞ்சுக்காரர் போட்ட தெருக்களையும் கட்டிய வீடுகளையும் பற்றியது. இரண்டாவது, அந்த வீடுகளின் குசினிகளைப் பற்றியது. அதற்காக நாலு வருடம் கொப்பியும் கையுமாக பியட்றிஸின் பின்னால் நின்றார். "உப்புப் போடப் போனாக் கையப் புடிச்சுத் தராசுக்கு மேல வெப்பா. போடுற உப்பு அரைவாசி கையில ஒட்டிக் கிடக்கும்." ஆனால் மதாமைப் பற்றிக் குறை சொல்லமாட்டாள். தான் காய்ச்சலில் கிடந்தபோது மதாம் தன் கையால் சூப் வைத்துத் தந்ததைச் சொல்லி, "உப்பில்ல. குடிச்சன்" என்று முடிப்பாள்.

அம்மா போன செய்தியை நான்தான் அவளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். 2004 ஆம் ஆண்டு, நத்தாருக்கு மறுநாள் காலை வந்த கடல். டச்பாரில் எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்தது. முதல் நாள் வெட்டிய கேக்கில் பாதி தகரப் பெட்டிக்குள் மிச்சம் இருந்தது. நான் ஒரு கதவு பொருத்துவதற்காக நாவற்குடாவுக்குப் போயிருந்தேன். அம்மாவின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. ஒரு படமோ, ஒரு கடதாசியோ, அம்மாவின் கைபட்ட ஒரு பாத்திரமோ கிடைக்கவில்லை. பியட்றிஸ் வருவதற்கு அப்போது வழியில்லை. மறுமுனையில் அவள் அழும் சத்தம் கேட்கவில்லை. "கேக்குக்குத் தோசி போட்டவவா அண்ணன்?" என்று கேட்டாள். போட்டவ என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

தோசி என்றால் என்னவென்று சொல்லவேண்டும். நீற்றுப்பூசணியைத் தோல் சீவிச் சதுரமாக வெட்டி, குத்தி, சுண்ணாம்புத் தெளிவில் ஊறவைத்து, பிறகு கண்ணாடிபோல வரும்வரை சீனிப் பாகில் காய்ச்சி உலர்த்துவது. இனிப்பு என்பதற்கு எங்கள் பறங்கிப் பாஷையில் உள்ள சொல் அது. ரவையும் முந்திரிக் கஜுவும் முட்டை மஞ்சளும் சேர்ந்த எங்கள் நத்தார்க் கேக்கில் அதைப் பொடியாக வெட்டிப் போடுவோம். மற்ற வீடுகளில் முள்ளுக்கரண்டியால் குத்துவார்கள். எங்கள் அம்மா டொறின் எலுமிச்சை முள்ளால் குத்துவார். இரும்பு பட்டால் பூசணி கறுக்கும் என்பது அவருடைய கட்சி. அது உண்மையோ என்னவோ, முள் ஒடிக்கப் போய்க் கையைக் கீறிக்கொள்வது எங்கள் இருவரின் மார்கழி மாத வேலை.

புதுச்சேரியில் பியட்றிஸின் முதல் நத்தாருக்கு, அந்த ஊர்க் கேக்குக்கு வாங்கி வைத்திருந்த தோடம்பழத் (ஆரஞ்சுத்) தோல் பூஞ்சணம் பிடித்துவிட்டது. இவள் பூசணி வாங்கி, எலுமிச்சை முள் தேடி, தோசி செய்து போட்டாள். பெரிய மதாம் படுக்கையில் இருந்தபடியே இரண்டாம் துண்டு கேட்டார். பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் அதுதான்.

2013 இல் ஊருக்குத் திரும்பினாள். இப்போது நாங்கள் இருவரும் பனிச்சையடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வளவில் இருக்கும் கம்சாயினி என்ற பெண் நூலகத்தில் வேலை செய்கிறாள். 2024 தை மாதம் ஒரு பின்னேரம் கையில் ஒரு புத்தகத்தோடு வந்தாள்.

"ஆன்டி, உங்கட ஊர்ப் புத்தகம் வந்திருக்கு."

"என்ட ஊருக்கு ஆரு புள்ள புத்தகம் எழுதின?"

"இந்த ஊரில்ல. நீங்க இருந்திட்டு வந்த ஊர்."

மதாமின் குசினிப் புத்தகம் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு வந்திருந்தது. பியட்றிஸ் அட்டையைப் பார்த்தாள். ஒரு கை சட்டியிலிருந்து குழம்பை அள்ளுகிறது, முகம் இல்லை. மணிக்கட்டில் எண்ணெய் பட்ட தழும்பு. தன் இடது கையைத் திருப்பி அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். கம்சாயினி இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் வாசிப்பு. "ரோசி சொல்வாள்: பார்க்குமுன் முகர்ந்து பார்." "ரோசி சொல்வாள்: வெங்காயத்தை அவசரப்படுத்தாதே." இப்படி ரோசி சொன்ன இடங்களை நான் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினேன். முப்பத்தொன்று. பியட்றிஸ் கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். பிழை வந்தால் மட்டும் தலையை நிமிர்த்துவாள். "மீன் சூப்புக்கு வெங்காயம் கறுக்கக் கூடா. எழுதினவ மறந்திட்டா, நீ அடுத்ததுக்குப் போ."

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ கேக் வந்தது.

"பூசணித் தோசை இருநூறு கிராம். சிறு துண்டுகளாக நறுக்கவும்" என்று வாசித்தாள் கம்சாயினி.

"என்ன?"

"தோசை, ஆன்டி."

"கேக்குக்குள்ளயா?"

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு."

"சம்பலும் போடச் சொல்லிக் கிடக்கா பார்" என்றாள் பியட்றிஸ். மூன்று பேரும் சிரித்தோம். அவள் கீரையை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "அந்த ஊரில இவ்வளவு பேரும் தோசையச் சுட்டு வெட்டிப் போட்டிருப்பாங்க, என்ட மாதாவே."

கம்சாயினி சிரிப்பு அடங்காமலே கீழே இருந்த குறிப்பை வாசித்தாள். பூசணி மாவில் சுட்ட தோசையை எலுமிச்சை முள்ளால் குத்திப் பாகில் ஊறவைக்கும் இந்த வழக்கம், பிரெஞ்சுக்காரர் காலம் முதல் ஆசிரியரின் மாமியார் குடும்பத்தில் மட்டும் வழிவழியாக வருவது என்று இருந்தது.

"முள்ளையும் எழுதியிருக்காவா?" என்று கேட்டாள் பியட்றிஸ்.

"ஓம் ஆன்டி."

"திரும்ப வாசி."

மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். "அம்மாட பேரு ஒரு இடத்திலயும் இல்லியா புள்ள? மதாமுக்கு நான் சொல்லியிருக்கன். டொறின் எண்டு சொல்லியிருக்கன்." கம்சாயினி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். இல்லை. பியட்றிஸ் கீரைச் சட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஆய்ந்த கீரையை மறுபடியும் ஆயத் தொடங்கினாள்.

புத்தகம் வெளியிட்டவர்களுக்கு எழுதுவது என்று முடிவாயிற்று. தோசை தோசியாக வேண்டும், அது மட்டக்களப்பு டொறினுடையது என்று ஒரு வரி வேண்டும் என்பது பியட்றிஸின் கோரிக்கை. ரோசி இருக்கும் இடமெல்லாம் பியட்றிஸ் வரவேண்டும் என்பது என்னுடைய கோரிக்கை. கம்சாயினி இரண்டையும் தன் பெயரில் எழுதி அனுப்பினாள். "பதில் வந்தா ஆன்டிட கையெழுத்துக் கேப்பாங்க" என்றாள்.

பியட்றிஸ் அதுவரை எல்லாவற்றுக்கும் பெருவிரல்தான் வைத்தவள். கண்ணுக்கு ஓடுகிற எழுத்து விரலுக்கு ஓடாது என்று எனக்குப் பட்டது. ஒரு வேப்பம் பலகையில் அவளுடைய பெயரை உளியால் கால் அங்குல ஆழத்துக்குத் தோண்டிக் கொடுத்தேன். அந்தப் பள்ளத்தில் விரலை ஓட்டி ஓட்டிப் பழகினாள். 'ட்' அவளுக்குப் பிடித்தது. 'றி'யில் வந்து நின்று, "இது என்ன அண்ணன், நண்டா?" என்றாள். 'ஸ்' வந்தபோது, "இந்தப் பேர வெச்ச அப்பாக்கு இத எழுதத் தெரிஞ்சிருக்குமா" என்று கேட்டாள். தெரியாது என்பதே உண்மை. பிறகு தட்டில் ரவையைப் பரப்பி அதில் விரலால் எழுதுவாள், அழிப்பாள். நாலு மாதத்தில் எழுத்து அவளுக்கு நின்றது. ஆனால் கடதாசியில் எழுதிப் பார்க்கச் சொன்னால் மறுத்துவிட்டாள். "சும்மா போட்டா அது கையெழுத்தா? வாற கடதாசியில போடுறன்."

ஆவணியில் பதில் வந்தது. மரியாதையான கடிதம். மதாம் காலமாகி ஒன்பது வருடம். உரிமை பிரான்சில் இருக்கும் மகளுடையது. புதிய பதிப்பு வரப்போகிறது. அதில் ரோசி என்ற பெயரை பியட்றிஸ் என்று மாற்றவும், முன்பக்கத்தில் அவளுடைய படம் போட்டு நன்றி சொல்லவும் சம்மதம். ஆனால் கூட அனுப்பியிருக்கும் தாளில் கையொப்பம் வேண்டும். புத்தகத்திலுள்ள எல்லாச் சமையற் பக்குவங்களும் மதாமின் குடும்பத்துக்கே உரியவை, தான் சமையலுக்கு உதவியாக மட்டும் இருந்தவள் என்று அந்தத் தாள் சொன்னது. தோசை பற்றிய குறிப்பு ஆசிரியரின் ஆராய்ச்சி என்பதால் அதில் கை வைக்க முடியாது.

நான் புதுப் பேனை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து மேசையில் வைத்தேன்.

"முப்பத்தொரு இடத்தில உன்ட பேர் வரும் புள்ள."

"அம்மாட?"

"அம்மாட பேர் எப்பிடியும் வரப் போறல்ல. உன்டயாவது வரட்டும்."

"வராமக் கிடக்கிறது வேற அண்ணன். அம்மாட இல்லயெண்டு நான் எழுதிக் குடுக்கிற வேற."

"ஆரு பாக்கப் போற அந்தக் கடதாசிய?"

"நான் போட்டனெண்டு எனக்குத் தெரியும்தானே."

கம்சாயினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடவில்லை. இத்தனை வருடம் இன்னொருத்தியின் பெயரில் வாழ்ந்தது போதாதா என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. பியட்றிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அம்மாட்ட இருந்து இருக்கிறது அந்தத் தோசி ஒண்டுதான். உங்களுக்குக் கடைசியாப் பாத்த முகமாவது கிடக்கு." அந்தத் தாளை அது வந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தாள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் என் தட்டில் வழக்கத்தைவிட ஒரு மீன் கூட வைத்தாள்.

கையொப்பம் இல்லை, தோசை என்ற ஒரு எழுத்துப் பிழையையாவது திருத்துங்கள் என்று கம்சாயினி பதில் அனுப்பினாள். நவம்பர் கடைசியில் அவளுடைய தொலைபேசிக்கு மறுமொழி வந்தது. புத்தகம் பழையபடியே அச்சாகிவிட்டது, ரோசி ரோசியாகவும் தோசை தோசையாகவும் இருக்கும், மன்னிக்கவும். அன்பளிப்பாக இரண்டு பிரதிகள் பதிவுத் தபாலில் வருகின்றன. கம்சாயினி இதை வாசித்தபோது பியட்றிஸ் நத்தார்க் கேக்குக்காகக் கஜு நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஓம்" என்றாள். கத்தி நிற்கவில்லை.

ஐந்தாம் நாள் ரிஸ்கான் மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தை நிறுத்தாமலே படலை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஆன்டி, இந்தியாவால வந்திருக்கு. பாரமாக் கிடக்கு. கேக்கா?"

"கேக்குத்தான் மகன். தோசை போட்ட கேக்."

அவருக்கு விளங்கவில்லை, மரியாதைக்குச் சிரித்தார். பொதியின் மேலே அவளுடைய பெயர் ஒரு எழுத்தும் பிசகாமல் இருந்தது. ரிஸ்கான் அதை வாசித்துக் காட்டிவிட்டு, பழக்கத்தில் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்தார்.

"அத மூடு மகன்" என்றாள் பியட்றிஸ். "பேனையத் தா."

ரிஸ்கான் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பேனையைக் கொடுத்தார். அவள் கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, பொதியை மதிலின் மேல் வைத்து, ரசீதை அதன்மேல் விரித்தாள். முதலில் வெறும் விரலால் அந்த இடத்தைத் தடவினாள். பிறகு பேனையை வைத்தாள். 'பி' கோட்டுக்கு மேலே ஏறியது. 'ய' இறங்கியது. ரிஸ்கான் இயந்திரத்தை நிறுத்தினார். 'றி'யில் கை நின்று, மறுபடியும் நகர்ந்தது. கடைசி எழுத்தின் புள்ளியை மிகவும் அழுத்தி வைத்தாள், தாள் பொத்துப்போனது.

பெயருக்குக் கீழே திகதிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. இலக்கங்கள் அவளுக்கு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பேனையை ரிஸ்கானிடம் நீட்டினாள். அவர் மதிலில் குனிந்து, அவளுடைய எழுத்தில் கை படாமல், எழுதினார்: 2024 டிசம்பர் 3.